அட்டைச் சுவர்

சுனாமி அலை வந்து ஊரை வழித்துக்கொண்டு போன பிறகு, ஷியோமோரியில் மிஞ்சியவர்கள் எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் தங்கியிருந்தார்கள். பிள்ளைகள் கூடைப்பந்து ஆடிய மரத்தரையில் நீலத் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் போர்வை விரித்து, போர்வைக்கு ஒரு குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரு பை கிடந்தால் அதுதான் எல்லை. மார்ச் மாதம்தான் என்றாலும் வெளியே பனி விட்டுவிட்டுக் கொட்டிக்கொண்டிருந்தது.

காலையில் ரேடியோவில் உடற்பயிற்சிப் பாட்டு முடிந்ததும் தலைவர் இவாமா மேடையேறி மைக்கைப் பிடிப்பார். ஊர்த் தீயணைப்புப் படையைப் பல வருஷம் நடத்திய மனிதர். அலைக்குப் பிறகு அவர் காலை நீட்டிப் படுத்து யாரும் பார்த்ததில்லை. மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டு, கூடம் முழுவதையும் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அலை வந்த அன்று, "நடக்க முடியாதவங்களை முதல்ல தூக்குங்கடா!" என்று மேட்டில் நின்று கத்தியவர் அவர். அன்றிலிருந்து அவர்தான் தலைவர்.

"இங்க யாரும் தனி இல்ல. நாம எல்லாரும் ஒரே குடும்பம்," என்பார் தினமும். அவர் குரல் தழுதழுக்கும்போது கூடத்தில் பாதிப்பேர் கண்ணைத் துடைப்பார்கள்.

தமாயே அந்தப் பேச்சைப் பெரும்பாலும் சமையல் வகுப்பறையில் இருந்தபடிதான் கேட்பாள். ஊரின் மீன் ஆலையில் இருபது வருஷம் சால்மன் முட்டை பிரிக்கும் வரிசையில் நின்றவள். வரிசையை நடத்தியதும் அவள்தான். ஆனால் சம்பளச் சீட்டில் கடைசிவரை தற்காலிக ஊழியர். ஆலை இப்போது ஒரு காங்கிரீட் தரையாக மட்டும் மிச்சம் இருந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மூன்று வேளையும் சோற்று உருண்டை பிடிப்பதும் சோயா விழுது கரைத்த மிசோ சூப் காய்ச்சுவதும் பெண்கள் வேலை என்று யாரும் உத்தரவு போடவில்லை. ஆண்கள் இடிபாடு அகற்றப் போனார்கள்; அதற்கு நகராட்சி தினக்கூலி கொடுத்தது. பெண்கள் அடுப்படிக்குப் போனார்கள்; அதற்கு "ரொம்ப நன்றி" கிடைத்தது.

தமாயேக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. கை ஓய்ந்தால் மனசு அலைக்குள் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் ரியூஜிக்குப் படகு போயிற்று, வீடு போயிற்று. ஆனால் இருவரும் உயிரோடு இருந்தார்கள். அந்தக் கூடத்தில் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

அவளை முதலில் உறுத்தியது ஷிஹோதான்.

ஷிஹோவுக்கு இருபத்து நாலு வயசு இருக்கும். கைக்குழந்தைக்காரி. அவள் புருஷன் தீயணைப்புப் படையோடு உடல்களைத் தேடப் போய்க்கொண்டிருந்தான். இருட்டிய பிறகுதான் வருவான். ஒரு நாள் மதியம் குப்பை கொட்டப் போன தமாயே, பள்ளி மைதானத்தில் பனி மூடி நின்ற ஒரு காருக்குள் ஷிஹோவைப் பார்த்தாள். இன்ஜின் ஓடவில்லை; பெட்ரோலுக்கு எங்கே போவது. மேல்கோட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு கண்ணாடியில் உறைந்து வெள்ளை படிந்திருந்தது.

தமாயே கதவைத் தட்டினாள். "ஏண்டி, பைத்தியமா உனக்கு? பிள்ளை விறைச்சுப் போயிரும்டி."

"உள்ள எங்கக்கா குடுக்குறது?"

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் தப்பா பாக்கலக்கா. ஆனா பாக்குறாங்க." ஷிஹோ குழந்தையின் தலையைத் தடவினாள். "பாலும் சரியா வரல. நான் தண்ணி குடிக்கிறதக் கொறச்சுட்டேன். கக்கூஸ் வெளிய இருட்டுல இருக்கு. பிள்ளையத் தூக்கிட்டு எப்படிப் போறது?"

தமாயே சமையலறைக்குத் திரும்பி இதைச் சொன்னதும், சோற்று உருண்டை பிடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. பிறகு ஆளுக்கொன்றாக வெளியே வந்தது. ஒருத்தி ஈர உள்பாவாடையையே உடம்போடு போட்டுக் காயவைக்கிறாளாம். கொடியில் போட்டால் ஊரே பார்க்கும். ஒருத்தி போர்வைக்குள் படுத்துக்கொண்டேதான் உடை மாற்றுகிறாளாம். நாப்கின் பெட்டி ஒன்று வந்து சேர்ந்து பல நாளாகிறது, அது மேடைத் திரைக்குப் பின்னாலேயே கிடக்கிறது என்றாள் இன்னொருத்தி.

"ஏன், குடுக்க வேண்டியதுதானே?"

"யாரு குடுக்குறது? சாமான் குடுக்குற மேசையில இருக்குறது ஹகா அண்ணன். அவருக்கு அதை மைக்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியலயாம். ‘பெண்களுக்கான பொருள்’னு ஆரம்பிச்சாராம். நாலு பேரு திரும்பிப் பாத்ததும், ‘பேட்டரி வேணுங்கிறவங்க வாங்க’ன்னு முடிச்சுட்டாராம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அலைக்குப் பிறகு அந்த அறையில் அப்படியொரு சிரிப்பு எழுந்ததில்லை. சிரித்து முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் பெரிய அண்டாவுக்கு மூடி தேடி விளையாட்டுச் சாமான் அறைக்குள் போனபோதுதான் தமாயே அட்டைகளைக் கண்டாள். உயரம் தாண்டும் மெத்தைகளுக்குப் பின்னால், கட்டுக்கட்டாக, நாடா பிரிக்காமல் சாய்த்து வைத்திருந்தது. தங்குமிடத் தடுப்புக்கான கெட்டி அட்டை என்று மேலேயே எழுதியிருந்தது. எத்தனையோ நாளுக்கு முன்பே யாரோ அனுப்பி வைத்திருக்கிறார்கள். அவள் மூடியை மறந்துவிட்டு நேராக மேடைக்குப் போனாள்.

அங்கே காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இவாமாவைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள் மெத்தைத் துண்டுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஹகா, பேச்சை நிறுத்தாமலே, கோப்பையை நீட்டினார். டீ கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"டீ இல்லண்ணே. ஒரு விஷயம் பேசணும்."

ஓரத்தில் இருந்த ரியூஜி தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுங்க, ரியூஜி வீட்டம்மா," என்றார் இவாமா.

அவள் அட்டையைப் பற்றிச் சொன்னாள். இவாமா கோபப்படவில்லை. பொறுமையாகவே பதில் சொன்னார்.

"அது வந்தது எனக்குத் தெரியும். நான்தான் வேணாம்னு வெச்சேன். இப்ப இந்தக் கூடத்துல ஒருத்தர் அழுதா பக்கத்துல நாலு பேரு ஓடி வர்றோம். சுவரு வந்துச்சுன்னா அவங்கவங்க பாடுன்னு ஆயிரும். குடும்பத்துக்குள்ள சுவரு எதுக்கும்மா?"

"எங்க வீட்ல கதவு இருந்துச்சு, தலைவரே. நாங்களும் குடும்பந்தான்."

யாரோ சிரித்தார்கள். இவாமாவின் முகம் இறுகியது. ஹகா குறுக்கே வந்தார். "தமாயே, எல்லாருக்கும்தான் கஷ்டம். பொம்பளைங்களுக்கு மட்டுமா? ஊரே போயிருச்சு. இப்பப் போயி துணி மாத்த எடம், அது இதுன்னு..."

"தமாயே, போதும், வா," என்றான் ரியூஜி மெதுவாக.

அவள் குனிந்து வணங்கி, "தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அந்த மன்னிப்பு தானாக வாயில் வந்துவிட்டது. அண்டாவைக் கிளறும்போதுதான், எதற்காக மன்னிப்புக் கேட்டோம் என்று யோசித்தாள். முகம் சுட்டது. அடுப்பின் சூடு என்று பக்கத்தில் இருந்தவள் நினைத்துக்கொண்டாள்.

ஷிஹோ இரண்டு நாள் கழித்து சூப் வரிசையில் சரிந்து விழுந்தாள். குழந்தையை முன்னால் நின்றவர் பிடித்துக்கொண்டார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. முகாம் முகாமாக வந்துகொண்டிருந்த நர்ஸ் பார்த்துவிட்டு, பால் கட்டிக் காய்ச்சல் வந்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தாள். "மறைவா ஒரு எடம், வெந்நீர்த் துணி, நிறையத் தண்ணி. இது மூணும் இருந்தா சரியாயிரும். மாத்திரையை விட அதுதான் முக்கியம்," என்றாள்.

தண்ணீரும் துணியும் தமாயேயிடம் இருந்தன. மறைவு, சாமான் அறையில் நாடா பிரிக்காமல் இருந்தது.

ஆண்கள் துறைமுகத்துக்குப் போயிருந்தார்கள்; அன்று இவாமாவும் போயிருந்தார். தமாயே ஏப்ரனை அவிழ்க்கக்கூட இல்லை. "கத்தி இருக்குறவங்க எடுத்துட்டு வாங்க," என்றாள். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. ஆலை வரிசையில் நிற்பதுபோல ஒருத்தி நாடாவை வெட்ட, ஒருத்தி மடிப்பை விரிக்க, ஒருத்தி பிடிக்க, ஒருத்தி பொருத்த, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து அட்டைச் சுவர் எழும்பி வந்தது. தமாயேயின் குரலில் பழைய கடுமை வந்துவிட்டது. "அந்தப் பக்கம் இழு. வளையுது பாரு. நேரா வை." ஆலையில் அந்தக் குரலைக் கேட்டு முணுமுணுத்தவர்களே இப்போது ஆசையாகக் கீழ்ப்படிந்தார்கள்.

முதலில் ஷிஹோவுக்கு ஒரு அறை. பிறகு உடை மாற்ற ஒரு அறை. அதற்குள்ளேயே துணி காயப்போடக் கயிறு. நாப்கின் பெட்டியைத் தூக்கி அங்கேயே வைத்தாயிற்று, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், யாரும் மைக்கில் அறிவிக்க வேண்டாம். அதன்பின் கை நிற்கவில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் சுவர் வைத்துக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம் ஆண்கள் திரும்பினார்கள். வாசலில் நின்ற இவாமா கூடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஷூவோடு தரையை மிதித்த பிள்ளைகளைத் திட்டுகிற மனிதர், சேறு அப்பிய பூட்ஸோடு உள்ளே நுழைந்தார். ஒவ்வொரு அட்டைக்கு மேலும் தலையை நீட்டி எட்டிப் பார்த்து, ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பெயர் சொல்லிக்கொண்டே அடுத்ததற்குப் போனார். அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று தமாயேக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது.

ஷிஹோ இருந்த அறையின் வாசலுக்கு வந்ததும் அட்டையில் கை வைத்தார்.

"எடு. எல்லாத்தையும் எடு."

"தலைவரே, முதல்ல உக்காருங்க."

"எடுன்னு சொல்றேன்ல! யாரு எங்க இருக்காங்கன்னே தெரியலயே!"

அவர் அட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"கியோகிட்ட கோயில் படியில நில்லுன்னு சொல்லிட்டுத்தான் அலை ஊருக்குள்ள வராம கடல் கதவ மூடப் போனேன்," என்றார், கத்திய அதே மனிதரா என்று தோன்றுகிற சின்னக் குரலில். கியோ அவர் மனைவி. "திரும்பிப் பாத்தேன். நின்னா. கையக் கூட ஆட்டினா. மறுபடி திரும்பினப்ப ஒரு லாரி நடுவுல நின்னுச்சு. லாரி நகந்தப்புறம் படியில யாரும் இல்ல. யாரத் தேடிப் போனாளோ, எதுக்குப் போனாளோ... அந்த லாரி மட்டும் நிக்காம இருந்திருந்தா நான் பாத்திருப்பேன்ல. கூப்பிட்டிருப்பேன்ல."

தமாயேயின் கை தன்னால் அட்டைக்குப் போயிற்று. எடுத்துவிடலாம். இவ்வளவு துக்கத்துக்கு முன்னால் ஒரு அட்டை என்ன பெரிது? அவள் வாழ்நாளில் எத்தனையோ முறை இப்படித்தான் விட்டுக்கொடுத்திருக்கிறாள்; எதிரில் நிற்பவரின் வருத்தம் எப்போதும் அவளுடையதை விடப் பெரிதாகவே தெரிந்திருக்கிறது. அட்டைக்கு அந்தப் பக்கம் குழந்தை மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. அவள் கை நின்றது.

"கியோ அக்காவ நெனச்சு நான் அழாத நாள் இல்ல, தலைவரே," என்றாள். "ஆனா இதுக்கு அந்தப் பக்கம் ஷிஹோ பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருக்கா. அந்தப் பிள்ள இன்னைக்குத்தான் வயிறாரக் குடிக்குது. நீங்க எங்களப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. எல்லாரையும் பாத்தீங்க. ஆனா இவ கார்ல விறைச்சுக்கிட்டு இருந்தது உங்களுக்குத் தெரியல. இத நான் எடுக்க மாட்டேன்."

"தமாயே, விடு," என்றான் ரியூஜி.

"நீங்க சும்மா இருங்க."

இவாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரும் அவரிடம் போகவில்லை. அவர் பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்:

"நின்னு பாத்தா ஆளு தெரியணும். அதுக்கு வழி இருக்கா?"

தமாயே குடும்பங்களுக்கு வைத்த அட்டைகளில் ஒன்றை உருவி, குறுக்குவாட்டில் படுக்கவைத்து நிறுத்தினாள். அவள் இடுப்புக்கு மேல் கொஞ்சம் வந்தது. "உக்காந்தா மறையும். நீங்க நின்னா எல்லாத் தலையும் தெரியும். பால் குடுக்குற அறையும் துணி மாத்துற அறையும் மட்டும் ஆளுயரம் இருக்கட்டும். அதுக்குள்ள யாரு இருக்காங்கன்னு நான் சொல்றேன். நீங்க கேட்டா போதும்."

அவர் எழுந்து நின்று பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தலையாட்டினார்.

"இன்னொண்ணு," என்றாள் தமாயே. இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்கவே வராது என்று அவளுக்குப் பட்டது. "நாளையிலருந்து காலைக் கூட்டத்துல நாங்க பொம்பளைங்க ரெண்டு பேரு உக்காருவோம். அடுப்படியிலயும் ஆம்பளைங்க முறை வெச்சு வரணும்."

"கூட்டத்துக்கு வாங்க," என்றார் இவாமா. "அடுப்படி... அது நான் சொன்னா கேப்பாங்களான்னு தெரியல."

அவர்கள் கேட்கவும் இல்லை, தோகுரோவைத் தவிர. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அவர், எழுபதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. மறுநாளே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, அண்டா நிறையச் சோற்றைக் கருக்கினார். "பஸ்ஸுன்னா பிரேக் இருக்கும், இதுல எங்கடி இருக்கு?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். போகும்போது தமாயேயைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்கும் ஆளுயர அட்டை ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

"உங்களுக்கு எதுக்கு தாத்தா?"

"தம்பி போயிட்டான்ல. அழணும்போல வருது. கக்கூஸுல போயி எத்தன தடவை அழுறது? குளிருது."

தமாயே அவருக்கு ஒரு மூலை அமைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த மூலை காலியாக இருந்ததே இல்லை. பெரும்பாலும் ஆண்கள்தான் போனார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நாள் ஹகா சிவந்த கண்களோடு வெளியே வந்தபோது தமாயே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோடை தொடங்கும்போது எல்லோரும் மேட்டுக்குப் பின்னால் கட்டிய தற்காலிக வீடுகளுக்குப் போனார்கள். தகரக் கூரை, காகிதம்போல் சுவர். ஆனாலும் கதவு இருந்தது. அங்கே குடியிருப்போர் சங்கம் அமைக்க வேண்டும் என்று நகராட்சி சொன்னது. கூடத்தில் இவாமா எல்லாவற்றையும் சுமந்து களைத்துவிட்டார். இனி முடியாது என்று சொல்லிவிட்டார். ஹகாவின் பெயர் வந்தது. தமாயேக்கு "மகளிர் பிரிவு" கொடுக்கலாம் என்றார்கள்.

"மகளிர் பிரிவுன்னா என்ன வேலை?"

"டீ, விழாச் சமையல், அப்புறம்... அந்த மாதிரி."

"அது வேணாம். நான் தலைவருக்கு நிக்கிறேன்."

சீட்டு எழுதிப் போட்டார்கள். ஹகா கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தமாயே துணைத் தலைவரானாள்.

அடுத்த நாள் இவாமா ஊறுகாய் முள்ளங்கியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நான் உனக்கு ஓட்டுப் போடல," என்றார்.

"ஓ."

"கோபமா?"

"கோபந்தான். வேற என்ன?" என்றாள் தமாயே. "ஏன் போடல?"

"காரணம் தேடித்தான் நேத்துலருந்து உக்காந்திருக்கேன். ஒண்ணும் கெடைக்கல. தலைவர்னு சீட்டு குடுத்தாங்க. கை பழக்கத்துல ஆம்பள பேர எழுதிருச்சு. போட்டப்புறந்தான், அட, இவன் எனக்கு ஒரு நாளும் எதிர்த்துப் பேசினதே இல்லையேன்னு தோணுச்சு. நீ பேசின. உனக்குத்தான் போட்டிருக்கணும். அதச் சொல்லாம இருக்க முடியல."

தமாயே டப்பாவை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகு, "இது உப்புக் கூடவா கொறச்சலா?" என்று கேட்டாள்.

"கூட. கியோ போடுற அளவு எனக்கு வரல."

ஹகா நல்ல மனிதர்தான். ஆனால் கூரை ஒழுகியவர்களும், பக்கத்து வீட்டு டிவிச் சத்தம் தாங்காதவர்களும், பஸ் நிறுத்தம் மலை அடிவாரத்தில் இருக்கிறதே என்று அழுதவர்களும் தமாயே வீட்டுக்குத்தான் வந்தார்கள். நகராட்சிக்குப் போனவளும் அவள்தான். அவள் போராடி வாங்கிவந்ததை ஹகா மைக்கில் அறிவிப்பார். இலையுதிர் காலம் முடிவதற்குள் அவருக்கே வெட்கமாகிவிட்டது. கூட்டத்தில் எழுந்து, "நான் வெறும் மைக்கா இருக்கேன். போதும்," என்று சொல்லி விலகினார்.

இந்தத் தடவை சீட்டு வேண்டாம், கை தூக்குவோம் என்று முடிவானது. இவாமா எழுந்து நின்று தமாயே பெயரை முன்மொழிந்தார். முதல் கையும் அவருடையதே. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஷிஹோ மற்றொரு கையைத் தூக்கினாள். தோகுரோ இரண்டு கையையும் தூக்கி, ஒன்றை இறக்கச் சொல்லித் திட்டு வாங்கினார். ரியூஜி இடமும் வலமும் பார்த்தான். நிறையக் கைகள் எழுந்துவிட்டதை உறுதிசெய்துகொண்ட பிறகு அவனும் தூக்கினான். தமாயே அதைக் கவனித்தாள். வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

தூக்காத கைகளும் இருந்தன. அவற்றையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்த வீடுகளுக்கும் அவள்தான் போக வேண்டும்.

"சரி," என்றாள், எழுந்து நின்று. "பனி வரப்போகுது. தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்கும். போர்வை சுத்தணும், குளிர் இறங்காம கூரைக்குப் பஞ்சு வைக்கணும். யார் வீட்டுக் குழாய் வெளியில இருக்கு? கை தூக்குங்க."